உழவர் கடன் நிவாரணம், தமிழகத்தில்

விளைச்சல் பொய்த்தாலும் விலை விழுந்தாலும் உழவுக் குடும்பங்களின் பாக்கியைக் குறைப்பது, தள்ளிவைப்பது, அடியோடு விட்டுவிடுவது, கையில் பணமாகக் கொடுத்து உதவுவது ஆகிய எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர் உழவர் நிவாரணம். கிராமத்துப் பேச்சில் இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. நிலத்தீர்வையை விட்டால் அது வஜா. வாங்கிய கடனை விட்டால் தள்ளுபடி. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அரசு கொடுத்தால் நிவாரணம். பிரீமியம் கட்டியவருக்கு வருவது இழப்பீடு. எந்தக் காலத்தில் யாருடைய பாக்கி விடப்பட்டது, அந்தச் சலுகை யார் பெயரில் எழுதப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வரலாறு விளங்கும்.

செய்க்கடன்

தமிழில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய தள்ளுபடிச் செய்தி புறநானூற்றில் இருக்கிறது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய 35ஆம் பாட்டின் கீழுள்ள குறிப்பு, புலவர் அதைப் பாடிப் பழைய செய்க்கடனிலிருந்து விடுதலை பெற்றார் என்கிறது. செய் என்றால் வயல்; நன்செய், புன்செய் என்று இன்றும் பட்டாவில் எழுதுகிறோம். செய்க்கடன் என்பது நிலத்துக்கு அரசனுக்குக் கட்ட வேண்டிய பாக்கி. பரிசிலாகப் பொன்னையும் யானையையும் கேட்கும் புலவர்கள் நடுவே இவர் வரிப்பாக்கியை விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். போரில் பெறும் வெற்றியே ஏர் கீறிய சாலில் விளைந்ததுதான் என்பது அவர் வாதம். மனு எழுதப் போகிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

சோழப் பேரரசுக் காலத்தில் கடன் கொடுக்கும் இடமாகக் கோயில் பண்டாரம் இருந்தது. காலம் கெட்டுப்போனதால் ஊரார் கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்று, அதற்கு ஈடாக நிலத்தின் வருவாயை எழுதிக்கொடுத்த செய்தி தஞ்சைப் பகுதி ஆலங்குடியின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வருகிறது.

வஜாவும் தக்காவியும்

மெட்ராஸ் மாகாணத்தில் ரயத்துவாரி முறை வந்த பிறகு, தீர்வை நேரடியாகப் பட்டாதாரர் தலையில் விழுந்தது. நன்செய்யில் தண்ணீர் வராமல் பயிர் வைக்காமல் போனால் தரிசு வஜா. நட்ட பயிர் கருகினால் சாவி வஜா. ஊர்க் கணக்கரான கர்ணம் வயலைப் பார்த்துக் கணக்கில் ஏற்றுவார், மேலதிகாரிகள் சரிபார்ப்பார்கள், ஆண்டுக் கணக்கு முடிப்பான ஜமாபந்தியில் முடிவாகும். புன்செய்க்கு இந்தச் சலுகை சாதாரணமாகக் கிடையாது. தீர்வையே குறைவுதானே என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். மழையை மட்டும் நம்பியிருந்த காட்டுக்குத்தான் முதலில் அடி விழும் என்பதை அந்தக் காரணம் கணக்கில் எடுக்கவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இந்த ஏற்பாட்டின் கையாலாகாத்தனத்தைக் காட்டிவிட்டது. மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அடுத்து அமைந்த பஞ்சக் கமிஷனின் அறிக்கை 1880இல் வந்தது. 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும் 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் இயற்றப்பட்டன. கிணறு வெட்டவும் மாடு, விதை வாங்கவும் அரசே கொடுத்த இந்தக் கடனுக்குத் தக்காவி என்று பெயர். வட்டி குறைவுதான். ஆனால் விண்ணப்பம், ஜாமீன், விசாரணை, தாலுகா கச்சேரிக்கு நடை என்று அலைந்து தீர்வதற்குள் விதைக்கும் பருவம் போய்விடும். உள்ளூர் வட்டிக்கடையில் பொழுது சாய்வதற்குள் பணம் கிடைத்தது. கந்துவட்டி இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அந்த வேகமும் ஒரு காரணம்.

மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சனை ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராயச் சொன்னது. 1895, 1897 ஆண்டுகளில் வெளிவந்த அவர் அறிக்கை, ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை உருவாக்கிய ரைஃபைசன் போல ஊருக்கு ஊர் ஒருவர் வேண்டும் என்பதில் வந்து நின்றது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் தொடங்கிய சங்கம்தான் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம். பின்னாளில் தள்ளுபடி என்ற சொல்லே கூட்டுறவுச் சங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று அன்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

1938: அடுத்தவர் பாக்கியை விட்ட சட்டம்

1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்ததில் நெல் விலை பாதாளத்துக்குப் போனது. விலை நன்றாக இருந்தபோது வாங்கிய கடன் அப்படியே நின்றது. அதை அடைக்க விற்க வேண்டிய நெல்லின் அளவு பெருகியது. மாகாணத்தின் விவசாயக் கடன்சுமை பற்றி டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் அளித்த அறிக்கை 1935இல் வந்தது. 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. இரு தரப்பும் ஒத்துவந்தால்தான் அது பயன்படும் என்பதால் பெரிதாக எடுபடவில்லை.

ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த மெட்ராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் (1938ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம்) யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. 1938 மார்ச் 22 அன்று அமலுக்கு வந்த இந்தச் சட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசலும் வட்டியுமாகச் சேர்த்து அசலின் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஒருவர் 1925இல் 100 ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக்கொடுத்து, வட்டியாகவே 200 ரூபாய் கட்டியிருந்தால் அவர் ஒரு காசும் தர வேண்டியதில்லை. 150 கட்டியிருந்தால் இன்னும் 50 கொடுத்தால் போதும். நோட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து வட்டியை அசலோடு சேர்த்திருந்தாலும், முதலில் கைமாறிய தொகைதான் அசல். 1932 அக்டோபர் முதல் வாங்கிய கடன்களுக்குச் சட்டம் வந்த நாள்வரை 5 விழுக்காடு வட்டி போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். சட்டத்துக்குப் பின் வாங்கும் கடனுக்கு உச்சவரம்பு ஆறேகால் விழுக்காடு, அதுவும் தனிவட்டி. ஊர்க்கணக்கில் சொன்னால் ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா, அதாவது வருடத்துக்கு ஓரணா. அணாவுக்குப் பன்னிரண்டு பைசா என்றிருந்த காலம் அது.

விலக்குகளும் கவனிக்கத்தக்கவை. வருமான வரி கட்டியவர் விவசாயி ஆகமாட்டார். கடன் கொடுத்தவர் வேறு சொத்தில்லாத பெண்ணாக இருந்து, அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அந்தக் கடனைச் சட்டம் தொடாது. சிறுவாட்டுப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பிழைத்தவர்களை நினைத்து வைத்த பிரிவு இது. அரசுக்குச் சேர வேண்டிய பாக்கிக்கும் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் விலக்கு உண்டு. லேவாதேவிக்காரரின் வட்டியை ஒரே வீச்சில் வெட்டிய அரசு தன் பணத்தில் கைவைக்கவில்லை.

கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். புரோநோட்டு மத்திய அரசின் அதிகாரத்தில் வருவது, மாகாணச் சட்டம் அதைத் தொடலாமா என்ற கேள்வி பெடரல் கோர்ட் வரை போனது. சட்டம் சாராம்சத்தில் வட்டித்தொழில் பற்றியது என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டம் நின்றது, ஆனால் கிராமத்தில் கைமாற்று கிடைப்பது அரிதானது. விடுதலைக்குப் பின் 1955லும் 1970களிலும் வந்த கடன் நிவாரணச் சட்டங்கள் இதே தடத்தில் சென்றவை. குத்தகை பாக்கி தனிக்கதை. 1972இல் வந்த குத்தகை பாக்கி நிவாரணச் சட்டம், நடப்பு ஆண்டுக் குத்தகையைக் கட்டியவருக்குப் பழைய பாக்கியை விட்டது. நிலம் இல்லாமல் உழுதவர் பெயர் ஒரு நிவாரணச் சட்டத்தின் நடுவில் வந்தது அரிதான நிகழ்ச்சி.

தள்ளுபடிகளின் காலம்

1969இல் வங்கிகள் தேசியமயமாகி, கூட்டுறவுக் கடனும் பெருகிய பின் கடன் கொடுத்த இடமே அரசு நிறுவனமாகிவிட்டது. தவணை தவறிய வீட்டில் அண்டாவும் குத்துவிளக்கும் ஜப்திக்குப் போயின. நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கம் எழுந்த விவசாயிகள் இயக்கம் மின்கட்டணத்தில் தொடங்கிக் கடன் பாக்கிக்கு வந்தது. 1989இல் பதவிக்கு வந்த திமுக அரசு விவசாய மின்சாரத்தை எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாக்கியது. 1990இல் வி. பி. சிங் அரசு ஒருவருக்கு 10,000 ரூபாய் வரையிலான கடனை நாடு முழுவதும் தள்ளுபடி செய்தது.

அதன்பின் தள்ளுபடி தேர்தல் அறிக்கையின் நிரந்தர வரியானது. 2006 மே 13 அன்று பதவியேற்ற மேடையிலேயே மு. கருணாநிதி கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டார். தொகை சுமார் 7,000 கோடி ரூபாய். 2008இல் மத்திய அரசு 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு முழுத் தள்ளுபடியும், மற்றவர்கள் 75 விழுக்காட்டைக் கட்டினால் மீதி 25 விழுக்காடு தள்ளுபடியும் அறிவித்தது. தணிக்கைத் துறை 2013இல் சோதித்துப் பார்த்த கணக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் குளறுபடி இருந்தது. 2016 மே 23 அன்று ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனாக 5,780 கோடியைத் தள்ளுபடி செய்தார். வரம்பு 5 ஏக்கர். ஆறு ஏக்கர் வானம் பார்த்த பூமிக்காரர் வெளியே நின்றார், ஐந்து ஏக்கர் ஆற்றுப்பாசனக்காரர் உள்ளே போனார்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரியும் வஜா. அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 5 ஏக்கர் வரம்பை நீக்கி எல்லோருக்கும் தள்ளுபடி தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2021இல் தீர்ப்பையே ரத்து செய்தது. இடையில், 2021 பிப்ரவரி 5 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்திருந்தது. பயனடைந்தவர்கள் 16.43 லட்சம் பேர்.

தள்ளுபடி தவறு என்று ஒரேயடியாகச் சொல்வோர் சாவியான வயலைப் பார்க்காதவர்கள். ஆனால் மூக்குத்தியை அடகு வைத்துத் தவணை தவறாமல் கட்டியவருக்கு அதில் ஒன்றுமில்லை என்பதும் உண்மை. அதற்கு ஈடாக வந்தது வட்டிச் சலுகை: கெடுவுக்குள் அசலைக் கட்டினால் தமிழகக் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. மாநில அரசு அந்த வட்டியைச் சங்கத்துக்குத் தருகிறது.

இழப்பீடும் நேரடிப் பணமும்

பயிர்க் காப்பீடு 1985லும் 1999லும் வேறுவேறு பெயர்களில் வந்து, 2016 முதல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. விவசாயியின் பங்கு காரிஃப் உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5. விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு தனி வயலைப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் குலுக்கலில் தேர்ந்த சில வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். அந்தச் சராசரி முன்னாண்டுகளின் அளவைவிடக் குறைந்தால் ஊருக்கே இழப்பீடு. குறையாவிட்டால் வாய்க்கால் கடைமடையில் காய்ந்தவருக்கும் இல்லை. தலைமடைக்காரரின் நல்ல விளைச்சல் கடைமடைக்காரரின் இழப்பீட்டைத் தின்றுவிடும்.

பேரிடர் நிவாரணம் வேறு வழி. விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலைப் பார்த்துச் சேதம் 33 விழுக்காட்டைத் தாண்டியதா என்று எழுதுகிறார்கள். 2015 வரை அது 50 விழுக்காடாக இருந்தது. 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தபோது, மாநில அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்பதை 20,000 ஆக்கியது. இரண்டு வழிக்கும் முதலில் கேட்கப்படும் தாள், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கல்.

அடங்கலில் யார் பெயர் ஏறுகிறது என்பதில்தான் பலர் விடுபடுகிறார்கள். வாய்மொழிக் குத்தகைக்குப் பதிவு இல்லை. எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் அஞ்சுகிறார். 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென்றே சட்டம் வந்தும் அந்தப் பயம் போகவில்லை. பட்டா மாமனார் பெயரில் இருக்க, நாற்று நடுவதும் களை எடுப்பதும் மருமகள். படிவத்தில் அவருக்கு இடமில்லை. 2011இல் புதுப்பிக்கப்பட்ட முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் ஒரு விதிவிலக்கு. குறுநிலக்காரரோடு குத்தகைதாரரையும் கூலித் தொழிலாளியையும் அது ஒரே அட்டையில் சேர்த்தது. விபத்து மரணத்துக்குத் தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய், பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் தனித்தனி உதவி.

2019 முதல் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழுகிறது. 2020இல் தமிழகத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டது அம்பலமானது. கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்கத் தொடங்கினார்கள். நிலம் தன் பெயரில் இல்லாமல் குத்தகைக்கு உழுகிறவருக்கு இந்தத் தொகை கிடையாது.