வாத்தியார் பெயரில் ஓர் உதவிநிதி: துங்கு வழியும் தம்பிராஜா வழியும்

சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் நடுவே கிடக்கிற சுங்கை லாலாங் போன்ற ஊர்களில் ஒரு பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியர் காலமானால், அவரிடம் படித்தவர்கள் எங்கிருந்தாலும் வந்து சேர்கிறார்கள். மாலை போடுகிறார்கள், நாளிதழில் படம் போடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "வாத்தியார் பேருல பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் செய்யலாமே?" நல்ல கேள்வி. ஆனால் அதற்கு நாம் சொல்லிவந்த பதில் ஒன்றே ஒன்றுதான். பணம் திரட்டி, ஆண்டுதோறும் அதிக 'ஏ' எடுத்த பிள்ளைக்கு ஒரு கோப்பையும் ஓர் உறையும் கொடுப்போம்.

அந்தப் பதிலின் அடித்தளமே இப்போது பெயர்ந்துவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2019-இல்தான் கடைசியாக நடந்தது. 2020-இல் கொரோனாவால் நின்றது. 2021-இல் அரசே அதை எடுத்துவிட்டது. மூன்றாம் படிவத்துக்கான பி.டி.3 தேர்வும் 2022-இல் போய்விட்டது. எட்டு 'ஏ' வாங்கிய பிள்ளைக்கு என்று எழுதிவைத்த பரிசுகளுக்கெல்லாம் அளவுகோல் இல்லாமல் போயிற்று. இனி எதைப் பார்த்துக் கொடுப்பது என்று கேட்டால், "தலைமைத்துவம் உள்ள பிள்ளைக்குக் கொடுப்போம்" என்கிறார்கள் பலர். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் தலைமைத்துவத்தை எப்படிக் கண்டறிவது? இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியத்தின் உபகாரச் சம்பளம். மற்றொன்று டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம்.

துங்கு அறவாரியம் 1966-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அமைந்தது. இன வேறுபாடின்றி, வசதி குறைந்த குடும்பத்து மாணவர்கள் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்க அது உதவுகிறது. பணத்தைக் கையில் கொடுத்து ஒதுங்கிவிடாமல், படிக்கிற காலத்தில் தலைமைத்துவப் பயிற்சியும் சேர்த்தே தருகிறது. விண்ணப்பம், நேர்காணல், தேர்வு என்று போகும் முறை. சட்டத்தின் பின்பலம் இருப்பதால் தலைவர்கள் மாறினாலும் நிதி நிலைக்கிறது. பெயருக்குரியவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் பிள்ளைகள் அந்தப் பெயரால் படிக்கிறார்கள். ஒரு நினைவுநிதிக்கு இதைவிடப் பெரிய பலம் வேண்டியதில்லை.

ஸ்ரீ முருகன் நிலையம் வேறு வகை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளராக இருந்த தம்பிராஜா 1982-இல் அதைத் தொடங்கினார். இந்திய மாணவர்கள் பல்கலைக்கழகத்தை எட்டாமலேயே தேங்கி நின்ற காலம் அது. தோட்டப்புறத்துப் பிள்ளைக்குத் தனிவகுப்புக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. வீட்டில் பாடம் சொல்லித்தரவும் ஆள் இல்லை. நிலையம் அதற்கு வகுப்புகள் நடத்தியது. பாடத்தோடு வழிபாட்டையும் ஒழுங்கையும் பிணைத்தது. கல்வி யாத்திரை என்று புத்தகத்தையும் பிரார்த்தனையையும் ஒன்றாகக் கோயிலுக்கு அழைத்துப் போனது. இவை பலருக்கும் தெரிந்தவை. நான் முக்கியமாகக் கருதுவது இன்னொன்று. அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் திரும்பி வந்து அடுத்த அணிக்குப் பாடம் சொன்னார்கள். மாணவராக நுழைந்தவர் தொண்டராசிரியராகி, பிறகு ஒரு வட்டாரத்தின் வகுப்புகளையே பொறுப்பேற்று நடத்துபவராக வளர முடிந்தது. அங்கே யாரையும் தலைவர் என்று முன்கூட்டித் தேர்ந்தெடுக்கவில்லை. வகுப்பைக் கையில் கொடுத்தார்கள், அதிலேயே ஆள் தெரிந்தது.

முதல் வழியில் தலைமையை முன்னதாகக் கணிக்க வேண்டியிருக்கிறது, இரண்டாவதில் நடத்திப் பார்க்கவே முடிகிறது. கணிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் கெடா மாநிலத்திலேயே சான்று உண்டு. அதுவும் துங்குவேதான்.

துங்கு அப்துல் ரஹ்மான் 1903-இல் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். கெடா அரசின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போய், 1925-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். சுல்தானின் மகன் என்பதால் போனாரே தவிர, எந்த நேர்காணலும் அவரைத் தலைவர் என்று கண்டுபிடித்து அனுப்பவில்லை. படிப்பில் முன்வரிசை மாணவரும் அல்லர். வழக்கறிஞர் தேர்வு கைகூடாமலே ஊர் திரும்பினார். கெடா ஆட்சிப் பணியில் சேர்ந்து, சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் மாவட்ட அதிகாரியாக இருந்தார். போருக்குப் பிறகு மறுபடி இங்கிலாந்து போய், 1949-இல், நாற்பதுகளின் நடுவில், அந்தத் தேர்வை முடித்தார். எட்டே ஆண்டில் நாட்டுக்கு விடுதலை வாங்கிக்கொடுத்தார். இன்று அவர் பெயரிலுள்ள உதவிநிதிக்குப் பதினெட்டு வயது அப்துல் ரஹ்மான் விண்ணப்பித்திருந்தால், எந்தக் குழுவும் அவரைத் தள்ளிவைத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். இது குழுவின் குறையன்று. பதினெட்டு வயதில் தெரிவது பேச்சுத்திறமை. தலைமை அதற்குப் பின்னால் வருவது.

தலைமைத்துவத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவிநிதிகளில் உலகில் பேர்பெற்றது ரோட்ஸ் உபகாரச் சம்பளம். 1902-இல் மறைந்த செசில் ரோட்ஸின் உயிலால் பிறந்தது. படிப்பு, விளையாட்டு, குணம், பிறரை வழிநடத்தும் இயல்பு என்று அவர் பட்டியலே போட்டு வைத்தார். ஆனால் பெண்களுக்கு அந்தக் கதவு 1977-இல்தான் திறந்தது. தலைமைக்கு இலக்கணம் எழுதுகிறவர், தாம் அதுவரை பார்த்த தலைவர்களின் சாயலிலேயே அதை எழுதிவிடுகிறார். தோட்டத்தில் வளர்ந்து, அம்மா இரவு ஷிப்டுக்குப் போனதும் மூன்று தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கி, பாடமும் சொல்லிக்கொடுக்கிற பெண்பிள்ளை எந்தக் கழகத்துக்கும் தலைவியாக இருந்திருக்கமாட்டாள். புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ் ஏதும் அவள் கோப்பில் இருக்காது. நம் அரசுப் பல்கலைக்கழக நுழைவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி பாடத்துக்கு, பத்து புள்ளி புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தும் அவளுக்குக் கிடைப்பது அரிது. ஆனால் அவள் நாள்தோறும் செய்வதுதான் தம்பிராஜா வழியில் தலைமை.

இந்த வழி தமிழருக்குப் புதிதன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த பிள்ளை இளையதுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான், மணலில் விரல் பிடித்து எழுதவைத்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதை நூலாக்கினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833-இல் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர். ஒரு கல்வியாளரின் நினைவுக்கு, அவர் கற்பித்த முறையின் ஊர்ப்பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

கெடாவின் தோட்டப்பள்ளிகளிலும் இதுவே நடந்தது. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒரே நேரத்தில் பல வகுப்புகள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை மேய்த்தால்தான் பள்ளி ஓடும். அந்த ஆசிரியரே லயத்து மக்களுக்குக் கடிதம் படித்தார், மனு எழுதினார், கோயில் கணக்குப் பார்த்தார். பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை 1947-இல் கள்ளுக்கடையை எதிர்த்து நின்றபோது, குடியை விட்டுப் பிள்ளையைப் படிக்கவை என்பதும் அந்த எழுச்சியின் குரலாக இருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஆயுள் முழுதும் கற்பித்த ஒருவரை நினைவுகூர, நேர்காணலில் நன்றாகப் பேசிய பிள்ளைக்கு ஓர் உறை கொடுத்தால் போதாது.

அதற்காகத் தம்பிராஜா வழி குறையற்றது என்று சொல்லமாட்டேன். தொண்டூழியத்தில் ஓடும் அமைப்பு ஆள்களின் உழைப்பை நம்பியே நிற்கிறது. தோட்டங்கள் செம்பனையாகி, வீடமைப்பாகி, மக்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்குச் சிதறியபின், சனிக்கிழமை வகுப்புக்கு ஆள் திரட்டுவது முன்போல் எளிதல்ல. கோயிலை நடுவாக வைத்த அமைப்பில் கிறிஸ்துவத் தமிழ்ப்பிள்ளை சற்றுத் தயங்கியே நிற்கும். முக்கியமாக, அன்பும் ஊக்கமும் பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்டாது. செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001-இலேயே உருவாகிவிட்டது. சுங்கை லாலாங்கிலிருந்து சிறிது நேரத்தில் போய்விடலாம். இருந்தும் பல வீடுகளுக்கு அந்த வாசல் தூரமாகவே இருப்பது பணத்தால். அங்கே துங்கு வழிதான் உதவும். அதேபோல் துங்கு வழியின் குறை, அது பல்கலைக்கழக வாசலைத் தொட்டுவிட்டவர்களுக்கே கை கொடுக்கிறது. முதல் படிவத்தில் மலாய்மொழி புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, மூன்றாம் படிவத்தில் படிப்பை விட்டவனை அது பார்ப்பதே இல்லை. அவனைப் பார்க்கக்கூடியது அவனைவிட இரண்டு வயது மூத்த, அவன் தெருவிலேயே இருக்கிற பிள்ளை.

ஆகவே வாத்தியார் பெயரில் நிதி தொடங்க நினைப்பவர்கள் இரண்டையும் இப்படிச் சேர்க்கலாம். பணம் துங்கு வழியில் இருக்கட்டும்: முறையாகப் பதிவுசெய்த அறவாரியம், ஆண்டுக் கணக்குத் தணிக்கை, முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் வழங்கும் விதி. தகுதி தம்பிராஜா வழியில் இருக்கட்டும்: எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, தான் படித்த தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகளுக்கோ முதல் படிவத்துக்குப் போன தன் ஊர்ப் பிள்ளைகளுக்கோ ஓராண்டு பாடம் சொல்லியிருக்க வேண்டும். சான்று சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சின்னப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும். வீட்டிலேயே தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். உதவி பெற்றவர் பட்டம் முடிக்கும்வரை விடுமுறைதோறும் வந்து வகுப்பெடுக்கட்டும். பிணைப் பத்திரம் வேண்டாம்; ஆசிரியர் பெயரே போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த நேரத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தில் அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். அன்று கூலிக்காரர்கள் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக, பொறியாளர்களாக, கடை முதலாளிகளாக இருக்கிறார்கள். ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் நூறு பேர் மாதம் பத்து ரிங்கிட் போட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் சேரும்.

மே 16 ஆசிரியர் தினம். நாட்டின் கல்விக்கு அடித்தளமிட்ட ரசாக் அறிக்கையைக் கூட்டரசுச் சட்டமன்றம் 1956-இல் அதே நாளில் ஏற்றுக்கொண்டது. வரும் ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்துப் படம் அனுப்புவதற்கு முன், உங்களுடன் படித்தவர்களில் ஐந்து பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் வாத்தியாரின் பெயரைச் சொல்லி, பத்து ரிங்கிட் கணக்கைத் தொடங்குங்கள். அவர் உயிரோடிருந்தால் இன்னும் நல்லது; முதல் வகுப்பை அவரே தொடங்கிவைக்கட்டும்.