சிறு விமானத்தின் சிறு உறுப்புகள்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சிறு விமானங்கள் செய்வதைப் பலர் வெறும் பொழுதுபோக்கு என்றே கருதுகின்றனர். நான் அதனைச் சரித்திரப் பயிற்சி என்று சொல்லத் துணிவேன். விரல் நகத்தினும் சிறிய ஓர் உறுப்பை எடுத்து, 'இது மெய்தானா?' என்று கேட்பவன், பழைய சாசனத்தைச் சோதிக்கும் சரித்திர ஆசிரியனின் வேலையையே செய்கிறான்.

இக்கேள்வி ஒரு காலத்தில் உயிர்களைப் பற்றிய கேள்வியாகவே இருந்தது. 1939 செப்டம்பர் 6ஆம் தேதி, பிரிட்டன் யுத்தத்தில் இறங்கி மூன்றாம் நாள், பிரிட்டிஷ் ஸ்பிட்பயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகைவருடையன எனக் கருதிச் சுட்டு வீழ்த்தின. ஹல்டன்-ஹாரப் என்னும் இளம் விமானி மாண்டார். எச்சரிக்கை முறையில் நேர்ந்த குழப்பத்தோடு கண்ணின் பிழையும் சேர்ந்துகொண்டது.

விமானங்களை அடையாளம் காணக் கண்ணைப் பழக்க வேண்டும் என்பதை நாடுகள் உணர்ந்தன. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மரமாதிரிகள் செய்து தருமாறு கேட்டது. அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அவ்வளவில் செய்த மாதிரியை 35 அடி தூரத்தில் தொங்கவிட்டால், உண்மை விமானம் ஏறக்குறைய அரை மைலில் பறப்பதுபோல் தோன்றும். மேனி முழுவதும் கறுப்பு வர்ணம். அங்கே நிழலுருவம் பிசகாமல் இருந்தால் போதும். நுண்ணிய உறுப்புகளைக் கேட்பாரில்லை.

இன்றும் அதே அளவில் பிளாஸ்டிக் மாதிரிகள் விற்கின்றன. ஆனால் இவற்றை முழங்கை தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஆகவே சோதனையும் கடுமையாகிறது. முதலில் பெருக்கிப் பாருங்கள். சிறகின் பின்னோரம் ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தால், மெய் விமானத்தில் அது 72 மில்லிமீட்டர். அவ்வளவு தடித்த ஓரத்தோடு எந்த ஸ்பிட்பயரும் பறந்ததில்லை. தகட்டு இணைப்பைக் காட்டும் கால் மில்லிமீட்டர்ப் பள்ளமோ, 18 மில்லிமீட்டர் அகலமுள்ள வாய்க்காலாகிவிடும்!

அடுத்து ஆணித்தலைகள். ஸ்பிட்பயரின் ஆணித்தலைகள் மேனியோடு சமமாக அமைய வேண்டுவது அவசியந்தானா என்று அறிய, அதைக் கட்டியவர்கள் உடைத்த பட்டாணியை ஆணிகளின்மேல் ஒட்டிப் பறக்கவிட்டனர். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்ததாம். சிறகெங்கும் வேர்க்குரு போல ஆணிகள் புடைத்த மாதிரியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டாணியே நினைவுக்கு வருகிறது.

அளவு சரியாயிருந்தும் காலம் பிசகுவது இதனினும் பெரிய குற்றம் என்பது என் கருத்து. 1938இல் படையில் சேர்ந்த முதல் ஸ்பிட்பயர்களுக்கு இரண்டு இதழ் கொண்ட மர விசிறி. 1940 கோடைப் போரில் மூன்று இதழ். 1942இல் வந்த ஒன்பதாம் வகைக்கு நான்கு. சிறகின் அடியில் பாருங்கள். 1940இல் வலச்சிறகின் கீழே நீள்சதுர ரேடியேட்டர். இடச்சிறகின் கீழே எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கூடு மட்டுமே. ஒன்பதாம் வகையில் இருபுறமும் ஒத்த பெரிய பெட்டிகள். ஹரிக்கேனுக்கோ ரேடியேட்டர் வயிற்றின் நடுவே. பெட்டியின்மேல் '1940' என்று அச்சிட்டு, உள்ளே இரட்டைப் பெட்டிகளை வைத்தால், எத்துணை அழகாக வார்த்திருந்தாலும் அது பொய்ச் சாட்சியே.

அருங்காட்சியக விமானத்தையே நேரில் அளந்ததாக ஒருவர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அது எந்த ஆண்டின் உருவில் நிற்கிறது என்று கேளுங்கள். பணியில் இருந்தபோதே விசிறி மாறியிருக்கலாம். பழுது பார்த்தவர்கள் வேறொரு விமானத்தின் சக்கரத்தைப் பொருத்தியிருக்கலாம். தொடர் எண் தெளிவாகத் தெரிய, தேதியோடு கிடைக்கும் பழைய புகைப்படமே எனக்கு மேலான சான்று. அதிலும் இருபுறத்துப் படங்கள் வேண்டும். அந்த ஸ்பிட்பயரின் வலச்சிறகும் இடச்சிறகும் ஒன்றல்லவே.