போலி ஜிஎஸ்டி பதிவு

ஒருவருடைய ஆதார், பான் அட்டைகளை வைத்து அவருக்குத் தெரியாமலே அவர் பெயரில் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு எடுத்து, சரக்கே கைமாறாமல் பில்லை மட்டும் விற்கும் மோசடி. விவரம் புரியாமல் அவர் போட்டுக்கொடுத்த கையெழுத்தை வைத்தும் இது நடப்பதுண்டு. வரி வட்டாரத்தில் ‘பில் டிரேடிங்’ என்பார்கள். காசு பார்ப்பவர் ஒருவர். பாக்கி ஏறுவது வேறொருவர் தலையில்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வியாபாரி ஒருவர் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது இதன் அடிப்படை. இதை உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள். கழிப்பதற்கு ஆதாரம் பில். ஆகவே பில்லுக்கே விலை வந்துவிட்டது. ஒரு கோடி ரூபாய்க்குப் பழைய இரும்பு விற்றதாக 18 சதவீத வரியோடு பில் போட்டால், வாங்கியதாகச் சொல்பவர் கணக்கில் 18 லட்சம் வரவு ஏறும். லாரி நகர வேண்டியதில்லை. பில் போட்டவர் அந்த 18 லட்சத்தை அரசுக்குக் கட்டியாக வேண்டும். கட்டமாட்டார், இல்லையென்றால் இன்னொரு போலி பில்லைக் காட்டிக் கழித்துவிடுவார். சில மாதங்களில் கம்பெனி காணாமல் போய்விடும். பான் அட்டைக்காரர் எங்கே போவார்?

பதிவு எண்ணைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலத்துக்கு உரியவை, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே அந்த ஆளின் பான் எண். ஆனால் விண்ணப்பத்தில் தரும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மோசடிக்காரருடையவை. துறையின் சேதி அங்கேதான் போகும். தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்றாக யாருடைய வீட்டுக் கரண்ட் பில்லோ, ஒரு வாடகை ஒப்பந்தமோ போதும். பிறகு துறை அனுப்பும் நோட்டீஸ் இணையதளத்தில் ஏற்றப்படும். ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 169-இன்படி அப்படி ஏற்றினாலே உரியவரிடம் சேர்த்ததாகிவிடும். அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் மோசடிக்காரர் கையில்தான். பெயருக்குரியவர் சேதியை அறிவது பெரும்பாலும் வங்கிக் கணக்கு முடங்கிய பிறகே.

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் இதை வைத்துப் பார்த்தால் கொடுமை தெளிவாகும். ஏரி இறாலையும் நண்டையும் கூடையில் எடுத்துப்போய் விற்கும் பெண்ணுக்கு ஜிஎஸ்டியோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பச்சை மீனுக்கு வரி இல்லை. வரிவிலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவர் பதிவு செய்யவும் தேவையில்லை. ஆனால் தடைக்கால நிவாரணம், குழுக்கடன், சிம் கார்டு என்று எதற்கும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். கொடுத்த ஜெராக்ஸ் எங்கெல்லாம் போகிறது என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது. இன்னொரு அடியும் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் விதிகள், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் காட்டி ஜிஎஸ்டி கட்டுவோரை விலக்குகின்றன. காகிதத்தில் இரும்புக் கடை முதலாளியாகிவிட்ட மீன்காரப் பெண், மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தகுதியற்றவர் ஆகிவிடக்கூடும்.

வரியின் பெயரால் ஏழையை வதைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நிலவரி வசூலில் நடந்த கொடுமைகளை விசாரிக்கச் சென்னை மாகாணத்தில் அமைத்த குழு 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து இறுக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் ஆகியவை அதில் பதிவாகியுள்ளன. அன்று வதைபட்டவரின் முகமாவது தண்டல்காரருக்குத் தெரியும். இன்று பாக்கிதாரரை ஒரு முறைகூடப் பார்க்காமலே கணக்கை முடக்கலாம்.

போலிப் பதிவுகளைத் தேடி 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் நடந்த சோதனையில் 21,791 நிறுவனங்கள் சொன்ன முகவரியில் இல்லை என்று தெரியவந்தது. சந்தேகிக்கப்பட்ட வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். பின்னால் இருந்து ஆட்டுவிப்பவரைப் பிடிக்க 2021 ஜனவரி 1 முதல் பிரிவு 122(1ஏ) உள்ளது: யார் தூண்டுதலில் பில் போடப்பட்டு, ஆதாயம் யாரிடம் தங்கியதோ, அவருக்கும் ஏய்த்த வரிக்குச் சமமான அபராதம். தொகை 5 கோடியைத் தாண்டினால் பிரிவு 132-இன்கீழ் 5 ஆண்டு வரை சிறை. சட்டம் சரிதான். ஆனால் விசாரணை தொடங்குவது பதிவில் இருக்கும் பெயரிலிருந்து.

ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணை இட்டால், அதன்மேல் எத்தனை பதிவுகள் உள்ளன என்று காசில்லாமல் பார்க்கலாம். தெரியாத பதிவு கண்ணில் பட்டால் அதற்குரிய வரி அலுவலரிடம் எழுத்தில் புகார் தந்து, பிரிவு 29(2)(இ)-யின்கீழ் மோசடிப் பதிவென ரத்து செய்யக் கோரலாம். ஆள்மாறாட்டம், போலி ஆவணம் என்று காவல் நிலையத்திலும் புகார் பதிந்து, ரசீதைப் பத்திரப்படுத்துவது முக்கியம்; அடுத்த நோட்டீசுக்குப் பதிலாகக் காட்ட அதுதான் கையில் இருக்கும். பதிவு ரத்தானாலும் முந்தைய காலத்துப் பாக்கி தானாகக் கழியாது. அது தன்னுடையது அல்ல என்று தனியாக ஆணை பெற்றாக வேண்டும்.