தூரமா, சரிவா? நம் மலைச் சாலைகளின் தவணைக் கணக்கு



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். சமவெளியிலிருந்து நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் போட்ட முதல் பாதை எது? நம் குன்னூர்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் 'நம்ம பர்லியார் ரோடுதான்' என்பார்கள். இல்லை. முதல் பெருமை கோத்தகிரிக்கே. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்தார். அவர் முயற்சியில் மெக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரி சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஒரு பாதை அமைத்தார். 1821-இல் தொடங்கிய வேலை 1823-இல் முடிந்தது. ரோடு என்று சொன்னேனே தவிர, குதிரையும் ஆளும் ஏறக்கூடிய பாதை, அவ்வளவுதான். அதற்கும் முன்பே இந்த மலை மக்களுக்குக் கீழே போய்வர ஒற்றையடித் தடங்கள் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

பத்து வருஷத்துக்குள் கோத்தகிரியின் முதலிடம் போயிற்று. சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், லெ ஹார்டி என்ற அதிகாரி குன்னூர் வழியாகப் பழைய மலைப்பாதையை அமைத்தார். ஊட்டிக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள், குன்னூர் வளர ஆரம்பித்தது. ஆனால் அந்தப் பாதை செங்குத்தானது. மட்டக்குதிரையிலும் பல்லக்கிலும் போகிறவர்கள் சமாளித்தார்கள். அரிசி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி என்ன செய்யும்?

இங்கேதான் என் பேங்க் புத்தி வேலை செய்கிறது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,300 மீட்டர். இதை ஒரு கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த வழியில் வந்தாலும் அசல் தொகை மாறாது. தவணையை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். தூரம் குறைந்தால் தவணைகள் குறையும், ஒவ்வொரு தவணையும் முதுகை ஒடிக்கும். தூரத்தைக் கூட்டினால் தவணை லேசாகும். பழைய பாதை முதல் வகை. பிற்பாடு லா என்ற ராணுவ அதிகாரி மேற்பார்வையில் அமைந்த இன்றைய பாதை இரண்டாம் வகை. மலையை நேராக எதிர்க்காமல், வளைந்து வளைந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு மாட்டின் மூச்சுக்குத் தகுந்தபடி ஏறுகிறது. போகிற வழியில் இருக்கும் லாஸ் ஃபால்ஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏதோ சட்டம் சம்பந்தப்பட்ட பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு!

கோவை போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873-இல் ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் டோங்கா என்ற குதிரை வண்டியில்தான் பயணம். வழியில் குதிரைகளை மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். மலைக்கும் ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-லேயே பிறந்தது. ஆனால் வேலை தொடங்கியது 1891-இல். குன்னூருக்கு முதல் ரயில் வந்தது 1899 ஜூன் 15-ஆம் தேதி, ஊட்டியைத் தொட்டது 1908-இல்.

இத்தனை வருஷம் இழுத்ததற்குச் சரிவும் ஒரு முக்கியமான காரணம். வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் ஓரளவு ஏற்றத்துக்கு மேல் வழுக்கும். நம் ரயில்பாதையில் கடுமையான இடத்தில் சரிவு 12.28-க்கு 1. அதாவது பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். அதனால்தான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும். ஆகவே எஞ்சினின் பல்சக்கரத்துக்கு எந்த நேரமும் ஒரு பிடி கிடைக்கும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆப்ட் என்பவரின் முறை இது. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், மற்ற இரண்டும் பல்சக்கரத்தை ஓட்டும்.

அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சின் முன்னால் இருக்காது. பின்னால், அதாவது சரிவின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். பெட்டி கழன்றாலும் கீழே உருண்டு போகாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பெட்டிகளில் கொடியோடு நிற்கிறார்களே, அவர்கள் பிரேக்ஸ்மேன்கள். குன்னூருக்கு மேல் சரிவு குறைவு, பல் பட்டை தேவையில்லை. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரமா என்று அலுத்துக்கொள்பவர்கள், இது ஏறுவதற்காக மட்டுமல்ல, பத்திரமாக இறங்குவதற்காகவும் கட்டப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இனி கார் விஷயம். அம்பாசடர் காலத்தில் பயம் எல்லாம் ஏறும்போதுதான். பர்லியாரில் பானட்டைத் திறந்து, ரேடியேட்டர் ஆறுவதற்காகக் காத்திருக்கும் கார்கள் வரிசையாக நிற்கும். சிலர் அந்த நேரத்தில் மங்குஸ்தான் வாங்குவார்கள். லாரி திணறி நின்றால் கிளீனர் குதித்து ஓடி டயருக்குப் பின்னால் கட்டை வைப்பார். இன்றைய கார்கள் சிரமமே இல்லாமல் ஏறிவிடுகின்றன. ஆபத்து இறங்கும் பக்கம் போய்விட்டது. ஆட்களும் சாமானும் சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் குன்னூரிலிருந்து கல்லாறு போகும்போது இழக்கும் ஆற்றல் சுமார் ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நம் வீட்டு கீசரை இரண்டரை மணி நேரம் ஓட்டுகிற அளவு! அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக்கில் சூடாக இறங்கும். கடைசி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் போவதற்கு இதுவே காரணம், விதி அல்ல. ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களும் 'டி'யில் விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்ற வேண்டும்.

இதற்கு எதிர்ச் சாட்சி கல்லட்டி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கூடலூர் வழியைவிடப் பாதித் தூரம்கூட இல்லை. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். சிறிய தவணைக்காலம், பெரிய தவணை! 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். அதன் பிறகு வெளியூர் வாகனங்கள் அந்த வழியில் இறங்க அனுமதி இல்லை. கூகுள் மேப் குறைந்த தூரம் என்று காட்டினாலும், உங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது வெறும் மரியாதை இல்லை, சாலை விதிகளிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சீசனில் போலீஸார் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குகிறார்கள். இருநூறு வருஷத்துக்குப் பிறகு முதல் பாதையின் ஊருக்கே பாதிக் கூட்டம் திரும்பிப் போகிறது. நீங்களும் அந்த வழியில் இறங்க நேர்ந்தால், கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய வீடு இருக்கிறது. புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள், பிரேக்கும் ஆறிவிடும்.