கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்

ஞாயிற்றுக்கிழமை காலை நம் குடியிருப்பு மைதானத்தில் பிள்ளைகள் கால்பந்து ஆடும்போது, ஆடுகிறவர்களைவிட ஓரத்தில் நிற்கும் நம் சத்தம்தான் பெரிது. "பாஸ் பண்ணுடா", "அங்கே என்ன பார்த்துட்டு நிக்கிறே" என்று நானும் பேரனைப் பார்த்துக் கத்தியவன்தான். கால்பந்து வேரூன்றிய நாடுகளும் இந்தச் சத்தத்தோடு கால் நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகின்றன. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

தெருவில் பந்து உதைத்த காலத்தில் பக்கத்தில் பெரியவர்கள் கிடையாது. சீருடை, லீக், சந்தா என்று விளையாட்டு முறைப்பட்டபோதுதான் பெற்றோர் உள்ளே வந்தார்கள். 1964-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டாரன்ஸ் நகரில், ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற இளையோர் கால்பந்து அமைப்பு தொடங்கியது. வருகிற எல்லாப் பிள்ளைக்கும் ஆட வாய்ப்பு என்பது அதன் கொள்கை. பயிற்சியாளர், நடுவர் எல்லாம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெற்றோர்களே. காரில் கொண்டுவந்து விடுவதும் அவர்கள்தான். 1996 அதிபர் தேர்தலில் 'சாக்கர் மாம்' என்று ஒரு வாக்காளர் வகையையே பத்திரிகைகள் பேசின என்றால், மைதான ஓரத்துத் தாய் எவ்வளவு பழகிய காட்சியாகிவிட்டார் என்று பாருங்கள்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபரில், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் சிறுமியர் லீக் ஒன்று 'மௌன ஞாயிறு' நடத்தியது. திட்டவும் கூடாது, உற்சாகப்படுத்திக் கத்தவும் கூடாது. வாய் சும்மா இருக்காது என்று பயந்த சில பெற்றோர் லாலிபாப்போடு வந்து நின்றார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் விரதத்தால் பழக்கம் மாறிவிடுமா?

இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் வேறு வழியில் போனது. நடுவர்களைத் திட்டுவது பொறுக்க முடியாத அளவுக்குப் போனதால், 2008-ல் 'ரெஸ்பெக்ட்' என்ற திட்டம் வந்தது. நடத்தை விதிகளோடு, பார்வையாளர் நிற்கும் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. நான் வங்கியில் கேஷ் கவுன்டரில் இருந்த காலத்தில், 'வரிசையில் நிற்கவும்' என்று எத்தனை பலகை வைத்தாலும் பத்துப் பேர் கம்பிக்குள் தலையை நீட்டுவார்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்ட பிறகு பாதிப்பேர் நின்றார்கள்.

கயிறு மட்டும் போதாது என்பதைக் காட்டியது நெதர்லாந்து. 2012 டிசம்பர் 2-ஆம் தேதி, அல்மேர் நகரில் பதின்வயதுப் பையன்களின் ஆட்டம். எல்லைக்கோட்டில் கொடி பிடித்தவர் 41 வயதுத் தன்னார்வலர். அவருடைய மகன் உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் சிலர் அவரை அடித்தார்கள், கீழே விழுந்தவரை உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் சங்கம் ரத்து செய்தது. 2013-ல் தண்டனை பெற்றவர்களில் ஆறு பையன்களோடு, ஓர் ஆட்டக்காரனின் 50 வயதுத் தகப்பனாரும் இருந்தார். அவருக்கு ஆறு ஆண்டுச் சிறை.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. செத்தவரும் ஒரு பிள்ளையின் தகப்பன். சிறை போனவரும் ஒரு பிள்ளையின் தகப்பன். பெற்றோரே வரக்கூடாது என்று சொல்லவும் முடியாது. கொடி பிடிக்க, காரோட்ட, வலை கட்ட அவர்களை விட்டால் ஆள் ஏது?

இதற்கு ஜெர்மனியில் ஐந்து ஆண்டு முன்பே ஒருவர் வழி யோசித்திருந்தார். 2007-ல் ஆஹன் வட்டாரத்தில் ரால்ஃப் க்ளோர் என்பவர் மிகச் சிறிய பிள்ளைகளுக்காக 'ஃபேர் பிளே லீக்' ஒன்றைத் தொடங்கினார். நடுவரே கிடையாது. பந்து வெளியே போனதா, தவறு யாருடையது என்று பிள்ளைகளே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்க வேண்டும். அவசியமானால் மட்டும் வாய் திறக்கலாம். பெற்றோர் ஆடுகளத்திலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பெற்றோரை யாரும் விரட்டவில்லை, வாயை மூடச் சொல்லவும் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து கைதட்டல் கேட்கும், ஆனால் "லெஃப்ட்ல போ" என்ற உத்தரவு பிள்ளையின் காதில் சரியாக விழாது. பிறகு ஜெர்மன் கால்பந்துச் சங்கமும் இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

போன வாரம் நம் மைதானத்தில் அடி வைத்து அளந்து பார்த்தேன். சிமென்ட் பெஞ்சுக்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவே நான்கு அடிதான் இருக்கிறது. வேப்பமரத்தடிக்கு நகர்த்தினால் ஏறக்குறைய அந்தப் பதினைந்து மீட்டர் வரும், நிழலும் உண்டு. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கேட்பதாக இருக்கிறேன்.