யாருடைய சாட்சி? ‘எஃபி பிரீஸ்ட்’ நாவலில் கணவன்மீதான பழி

தியோடோர் ஃபொன்டானேயின் ‘எஃபி பிரீஸ்ட்’ (1895) நாவலில் எஃபியின் கணவன் இன்ஸ்டெட்டன்மீது விழும் பழிகளுள் கனமானது, மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றான் என்பதன்று. அந்த இளம் மனைவியைப் பேய்ப் பயம் காட்டி அடக்கி வைத்தான் என்பதே. அவர்கள் வாழும் கெஸ்ஸின் ஊர் வீட்டு மாடியில் உலவுவதாகச் சொல்லப்படும் சீனனின் ஆவி அவன் திட்டமிட்டுக் கையாண்ட கருவி என்றும், அந்த அச்சமே எஃபியைக் காதலன் கிராம்பாஸிடம் தள்ளியது என்றும் ஒரு வாசிப்பு வேரூன்றியிருக்கிறது. அது யாருடைய சாட்சியத்தில் நிற்கிறது என்பதே என் கேள்வி.

கிராம்பாஸின் சாட்சியத்தில்தான். குதிரைச் சவாரியின்போது அவன் எஃபியிடம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. போர்க்காலத்தில் இன்ஸ்டெட்டன் பேய்க்கதைகளை விரும்பிச் சொல்வான் என்பது நினைவு. அதை ஐயுறக் காரணமில்லை. மனைவியைத் திருத்தி வழிக்குக் கொண்டுவரவே இப்போதும் பேயை வைத்திருக்கிறான் என்பது ஊகம். ஊகிப்பவனோ, அதே பெண்ணைத் தன்பக்கம் இழுக்க முயல்பவன். அவன் விதைத்ததை எஃபி அன்றே மனத்துக்குள் வளர்த்துக்கொள்கிறாள். அச்சுறுத்தும் கருவி என்ற புகழ்பெற்ற சொல் அவளுடைய சிந்தனையில்தான் வருகிறது. அதைக் கதைசொல்லியின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது அடிப்படைப் பிழை.

நேர்ச்சாட்சியம் வேறு திசையைக் காட்டுகிறது. முதல் இரவில் மாடியில் கேட்ட சரசரப்பைப் பற்றி எஃபி சொல்லி, தரையில் புரளும் நீளத் திரைச்சீலைகளைக் குறைக்கலாமே என்கிறபோது, இன்ஸ்டெட்டன் அவசரமில்லை என்கிறான். புகைபோக்கியாக இருக்கலாம், மரத்தைத் துளைக்கும் புழுவாக இருக்கலாம் என்கிறான். மனைவியை மிரட்ட நினைப்பவன் புழுவின்மேல் பழி போடுவானா? அவன் பேச்சு எல்லா இடத்திலும் இப்படியில்லை, ஆவியை ஒரு பெருமையாகவும் பேசுகிறான் என்பது உண்மையே. ஆனால் பெருமை வேறு, சூழ்ச்சி வேறு. கதை முழுவதும் பேயைச் சுற்றியே திரும்புகிறது என்று ஃபொன்டானே கடிதத்தில் எழுதியதை மேற்கோளாக நீட்டுவோர் உண்டு. திருப்புகிறவர் யார் என்று அக்கடிதம் சொல்வதாக நான் காணவில்லை.

இன்ஸ்டெட்டனை விடுவிப்பது என் நோக்கமன்று. சாகும் தறுவாயில் எஃபி அவனை மன்னிப்பதையும் ஆதாரமாகக் கொள்ளேன். அவன்மீதான உண்மையான குற்றம் இன்னொரு காலையில் இருக்கிறது. அவன் பிஸ்மார்க்கின் விருந்துக்கு வார்ட்ஸின் போயிருந்த இரவில் எஃபி நடுங்கிப்போகிறாள். விடிந்ததும் வேறு வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சுகிறாள். மனைவி பேயைக் கண்டாளென்று மாவட்ட அதிகாரி வீட்டை விற்றால் ஊர் சிரிக்கும் என்று மறுக்கிறான். கிராம்பாஸ் இடையில் இல்லை. இன்ஸ்டெட்டன் வாயிலிருந்தே கேட்கிறோம். நடுங்கும் பெண்ணைவிட ஊர்வாய் அவனுக்குப் பெரிதாகிறது.

ஆறாண்டுகளுக்கும் மேல் கழித்து, அடிபட்ட மகள் ஆன்னியின் நெற்றிக்குக் கட்டுத்துணி தேடி, பூட்டியிருந்த தையல் மேசையை உடைத்துத் திறக்கும்போது கிராம்பாஸின் கடிதங்கள் வெளிப்படுகின்றன. இன்ஸ்டெட்டன் நண்பன் வியுல்லர்ஸ்டார்ஃபிடம் மனந்திறக்கிறான்: வெறுப்பில்லை, மனைவிமேல் அன்பு இன்னும் இருக்கிறது. ஆனால் விஷயம் இப்போது இன்னொருவனுக்குத் தெரிந்துவிட்டது, இனித் திரும்ப முடியாது. கெஸ்ஸினில் அவன் அஞ்சியது ஓர் ஊரின் சிரிப்புக்கு. இங்கே எதிரில் இருப்பது ஒரே ஒரு நண்பன், அவனும் சிரிக்கவில்லை.