பழைய கார்களும் திருகாணி மரையும்

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு காரைப் பிரித்துச் செப்பனிட முனைபவருக்குப் பெரிய உறுப்புகள் அத்தனை தொல்லை தருவதில்லை. பிஸ்டன் தேய்ந்திருந்தால் அளவெடுத்துப் புதிதாக வார்த்துக் கடையலாம். ஓடு துருப்பிடித்திருந்தால் தகடு வெட்டி ஒட்டலாம். ஆனால் விரல் நீளமுள்ள ஒரு போல்ட் தொலைந்துபோனால் அங்கேதான் வேலை நின்றுவிடுகிறது. 'எட்டு மில்லி போல்ட்தானே?' என்று கடையிலிருந்து ஒன்றை வாங்கி வந்து திருகினால் இரண்டு சுற்று இலேசாகப் போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். அப்போது ஸ்பானரில் பலம் கொடுப்பவர், வேறெங்கும் கிடைக்காத ஒரு எஞ்சின் பிளாக்கின் மரையைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

மரை என்பது பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு வகைக்கும் பிறந்த நாடும் ஆண்டும் உண்டு. அந்த வரலாறு தெரியாமல் பழைய காரில் கை வைப்பது ஆபத்து.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை இருந்தது. ஒரு போல்ட்டுக்குப் பொருந்தும் நட்டு இன்னொரு போல்ட்டுக்குப் பொருந்தாது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கட்டி வைப்பார்கள். இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்த மரை வெட்டும் கடைசல் இயந்திரம், ஒரே அளவான மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட வழி செய்தது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர் ஜோசப் விட்வொர்த். இவர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்து, அவற்றின் சராசரியை ஒட்டி ஒரு பொது மரையை 1841-இல் முன்வைத்தார். மரையின் இரு சரிவுகளுக்கும் இடையே 55 பாகைக் கோணம். உச்சியும் அடியும் வளைவாக உருட்டப்பட்டிருக்கும். உலகில் பரவலாக ஏற்கப்பட்ட முதல் மரைத் தரம் இதுவே எனலாம்.

அடியை உருட்டியது நல்ல யோசனை. கூர்மையான மூலையில் தகைவு குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஆனால் 55 பாகையை அளப்பதும், வளைவைச் சரியாக வெட்டுவதும் எளிதல்ல. 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் இதையே குறையாகச் சுட்டி, 60 பாகைக் கோணமும் தட்டையான உச்சியும் உள்ள மரையை முன்மொழிந்தார். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை அல்லவா? எந்தச் சாதாரணத் தொழிலாளியும் அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள முடியும். அமெரிக்கா இதை ஏற்றது. இங்கிலாந்து 55 பாகையிலேயே நின்றது. ஐரோப்பாவில் 1898-இல் சூரிச் மாநாடு மீட்டர் முறை மரையை வகுத்தபோது அதுவும் 60 பாகையையே எடுத்துக்கொண்டது.

ஐந்து பாகை வேறுபாடு பெரிதா என்று கேட்கலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் 'மூன்று நூல் போல்ட்' என்று சொல்லப்படும் 3/8 அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்வோம். விட்வொர்த் முறையிலும் அமெரிக்க முறையிலும் இதற்கு அங்குலத்துக்கு 16 மரைகளே. ஆகவே ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஏறிவிடும். ஆனால் சரிவுகள் முழுப்பரப்பிலும் படிவதில்லை. ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடுகின்றன. இறுக்கிய போல்ட் என்பது உண்மையில் நீட்டப்பட்ட ஒரு சுருள்வில்லைப் போன்றது. எஃகின் யங் குணகம் சதுர மி.மீட்டருக்குச் சுமார் 2 இலட்சம் நியூட்டன். 50 மி.மீ. நீளமுள்ள போல்ட்டில் சதுர மி.மீட்டருக்கு 300 நியூட்டன் தகைவு வரும்வரை இறுக்கினால் அது நீள்வது 0.075 மி.மீ. மட்டுமே. கோடாகத் தொட்ட மரை அழுந்தி 0.05 மி.மீ. இடம் கொடுத்தாலும் பிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். பிறகு சாலையின் அதிர்வு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த போல்ட் ஸ்டியரிங் அமைப்பில் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

கார்கள் வந்தபின் விட்வொர்த் மரை மிகப் பெரும்படியாகத் தோன்றியது. ஆகவே 1908-இல் அதே 55 பாகையில் நெருக்கமான மரை கொண்ட 'பிரிட்டிஷ் ஃபைன்' தரம் வந்தது. அதே 1908-இல் இங்கிலாந்தின் புருக்லண்ட்ஸ் ஓட்டத்தளத்தில் நடந்த ஒரு சோதனையும் குறிப்பிடத்தக்கது. மூன்று காடிலாக் கார்களை முழுவதும் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, சில உறுப்புகளை எடுத்துவிட்டு இருப்பிலிருந்து வேறு போட்டு, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்நாளில் பல கார்களில் ஒவ்வோர் உறுப்பையும் அரம் போட்டுப் பொருத்துவதே வழக்கம். அத்தகைய கார்களில் ஒன்றோடொன்று சேரும் உறுப்புகளில் ஒரே எண் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அவற்றை மாற்றிப் போடக்கூடாது.

கடிகாரத் திருகுகளை ஆராய்ந்த ஜெனீவாப் பேராசிரியர் தூரியின் வழியில், பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1884-இல் வகுத்த சிறு மரைகள் தனி அழகு உடையவை. 'பி.ஏ.' என்று இவற்றைச் சொல்வார்கள். எண் 0 திருகுக்கு மரைக்கு மரை உள்ள தூரம், அதாவது பாடப்புத்தகத்தின் 'புரியிடைத் தூரம்', 1 மி.மீ. அடுத்தடுத்த எண்ணுக்கு இது 0.9 மடங்காகக் குறைந்துகொண்டே போகும். புரியிடைத் தூரத்தை 6/5 அடுக்குக்கு உயர்த்தி 6-ஆல் பெருக்கினால் விட்டம் கிடைக்கும். எண் 2 திருகுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: 0.81 மி.மீ., 4.7 மி.மீ. என்று வரும். கோணமோ 47½ பாகை! அங்குலத்தை விடாத இங்கிலாந்து, தன் கார்களின் மின்சாதனங்களில் மட்டும் இந்த மில்லிமீட்டர் திருகுகளை மறைவாக வைத்திருந்தது வேடிக்கைதான்.

இதைவிடப் பெரிய வேடிக்கை மாரிஸ் கார்களில் நடந்தது. பிரான்சில் பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி செய்துவந்த ஹாட்ச்கிஸ் நிறுவனம் முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. போர் முடிந்ததும் அதற்குத் துப்பாக்கி வேலை இல்லை. மாரிஸ் காருக்கு எஞ்சின் செய்து கொடுக்கத் தொடங்கியது. 1923-இல் வில்லியம் மாரிஸ் அத்தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். ஆனால் அங்கிருந்த இயந்திரங்கள், டாப், டை, அளவிகள் யாவும் பிரெஞ்சு மீட்டர் முறை. அவற்றையெல்லாம் மாற்றுவது பெருஞ்செலவு. அதே சமயம், கார் வாங்கும் ஆங்கிலேயரின் கருவிப்பெட்டியில் இருப்பதோ விட்வொர்த் ஸ்பானர். என்ன செய்தார்கள் தெரியுமா? மரையை மில்லிமீட்டரில் வெட்டி, போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள்! இந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல், 1955-இல் முடிவுற்ற எம்.ஜி. டி.எஃப். கார் வரை நீடித்தது. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் வெளியிட்ட 'ஹிந்துஸ்தான் 10' காரும் மாரிஸ் டென் காரின் வழிவந்ததுதான். ஆகவே இந்த விசித்திரம் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

1945 முதல் 1949 வரை சுமார் 10,000 தயாரிக்கப்பட்ட எம்.ஜி. டி.சி. காரை எடுத்துக்கொண்டால், 1250 கன செ.மீ. எஞ்சினில் மில்லிமீட்டர் மரை, அடிச்சட்டத்தில் பிரிட்டிஷ் ஃபைன், மின்கருவிகளில் பி.ஏ., எண்ணெய்க் குழாய் இணைப்புகளில் பிரிட்டிஷ் குழாய் மரை என்று நான்கு வகைகள் ஒரே வண்டியில்! இவற்றில் பல அமெரிக்காவுக்குப் போயின. அங்கிருந்த மெக்கானிக் அறிந்ததோ ஐந்தாவது வகை.

இந்தக் குழப்பத்தின் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் பாக்கார்டு கார்த் தொழிற்சாலை செய்ய ஒப்புக்கொண்டது. எஞ்சின் முழுவதும் ஆங்கிலேய மரைகள். அவற்றை வெட்டும் டாப்பும் அளவியும் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. பாக்கார்டே அவற்றைச் செய்துகொண்டு சுமார் 55,000 எஞ்சின்களைக் கட்டியது. போருக்குப்பின், 1948 நவம்பர் 18-ஆம் நாள் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. கோணம் அமெரிக்காவின் 60 பாகை. பின்னர் அம்பாசடரில் இடம்பெற்ற 1489 கன செ.மீ. எஞ்சின் இந்தப் பொது மரைக் காலத்தைச் சேர்ந்தது.

இனி, கையில் உள்ள ஒரு போல்ட் எந்த வகை என்று காண்பது எப்படி? ஸ்பானரை நம்பினால் மோசம் போவோம். 'கால் விட்வொர்த்' என்று பொறித்த ஸ்பானரின் வாய் கால் அங்குலம் அல்ல, 0.525 அங்குலம். அது குறிப்பது தலையின் அகலத்தை அன்று, போல்ட்டின் விட்டத்தை. இரண்டாம் உலகப் போரின்போது எஃகை மிச்சப்படுத்த விட்வொர்த் தலைகளை ஒருபடி சிறிதாக்கினார்கள். ஆகவே பெரிய தலை உள்ள கால் அங்குல விட்வொர்த் போல்ட் பெரும்பாலும் போருக்கு முந்தியது. ஆங்கிலேயர் செய்த பொது மரை போல்ட்டுகளில் ஒட்டிய சிறு வட்டங்களோ தலையில் ஒரு வட்டக் குழிவோ அடையாளமாக இருக்கும். 

நிச்சயமான வழி அளப்பதுதான். ஏறக்குறைய 8 மி.மீ. விட்டமுள்ள மூன்று போல்ட்டுகள்: ஒன்று மாரிஸின் 8 மி.மீ., மற்ற இரண்டும் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. மாரிஸின் புரியிடைத் தூரம் 1 மி.மீ. அங்குலத்துக்கு 24 மரை உள்ள பொது மரையில் அது 1.058, 22 மரை உள்ள பிரிட்டிஷ் ஃபைனில் 1.155. முதல் இரண்டுக்கும் வேறுபாடு 0.06 மி.மீ.தான், ஒரு மரையை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். தனி ஊசல் சோதனையில் ஓர் அலைவுக்கு நேரம் பார்க்காமல் இருபது அலைவுகளுக்குப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலப் பத்து மரைகளின் நீளத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் முறையே 10.0, 10.6, 11.5 மி.மீ. என்று ஐயமின்றிப் பிரிந்துவிடும். கல்லூரி முதலாண்டு மாணவன் செய்யக்கூடிய வேலை இது.

துளையின் மரையைப் பார்க்க முடியாதபோது, ஊறவைத்த சோப்பையோ மெழுகையோ அழுத்தி அச்சு எடுக்கலாம். மாரிஸ் எஞ்சினின் துளையில் பொது மரை காணப்பட்டால், இடையில் எவரோ அதை டாப் போட்டு மாற்றியிருக்கிறார் என்று பொருள். வண்டி எங்கெங்கே பழுது பார்க்கப்பட்டது என்பதற்கு அது ஒரு சாட்சி. விற்பவர் சொல்லும் கதையைவிட நம்பகமானது என்பது என் கருத்து.

அழிந்த மரையைப் பெரிதாக வெட்டி, பெரிய போல்ட்டைப் போட்டுவிடுவது நம் பட்டறைகளில் வழக்கம். சுவர் மெல்லியதான பழைய வார்ப்பிரும்பு பிளாக்கில் இது விரிசலுக்கு அழைப்பு. துளையைச் சிறிதளவே பெரிதாக்கி, அதற்கென உள்ள டாப்பால் மரை வெட்டி, சாய்சதுரக் குறுக்குவெட்டுள்ள துருவுறா எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே திருகிவிடுவதே மேல். சுருளின் வெளிப்புறம் பிளாக்கைப் பற்றிக்கொள்ள, உட்புறம் பழைய அளவிலேயே மரையாக அமைகிறது. தொழிற்சாலை வைத்த அதே 8 மி.மீ. போல்ட் மீண்டும் அதில் ஏறும். 14 மில்லி ஸ்பானரைப் போட்டு அதன் தலையை மழுக்கிவிடாமல், 'கால் விட்வொர்த்' ஸ்பானரைத் தேடி எடுத்து இறுக்க வேண்டும்.